வண்டி இழுக்கவில்லை, சைலன்சரும் கத்துகிறது: கன்வர்ட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி, ஜனவரி 9

17 வருடம் ஓடிய பெட்ரோல் கார். 4 சிலிண்டர், மேனுவல் கியர், 1,80,000 கி.மீ. தாண்டிவிட்டது. முன்பு மூன்றாவது கியரில் ஏறிய மேட்டுக்கு இப்போது இரண்டாவது கியர் போட வேண்டியிருக்கிறது. எவ்வளவு மிதித்தாலும் 3000 ஆர்பிஎம்முக்கு மேல் சோம்பல். அடியிலிருந்து சத்தம் வேறு. ஒர்க்‌ஷாப்பில் காரைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் "கன்வர்ட்டர் போச்சு, சைலன்சரோடு முழு செட்டும் மாத்தணும்" என்கிறார்கள். பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றினால் போதும் என்கிறார் நண்பர். யார் சொல்வது சரி?

ஜனவரி 9, இரவு

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். (கன்வர்ட்டர் என்பது இன்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே குழாயில் இருந்து புகையின் நச்சைக் குறைக்கிற பெட்டி.) ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது கடைசியில் சரியாகவே இருக்கலாம், ஆனால் அவர் சோதித்துச் சொல்லவில்லை. ஊகத்தை நம்பி முழு செட் மாற்றுவது கொஞ்சம் அதிகம்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு புகார் இருக்கிறது. இழுக்கவில்லை என்பது ஒன்று, சத்தம் இன்னொன்று. சத்தம் வர எங்காவது ஓட்டை வேண்டும். இன்ஜின் திணற எங்காவது அடைப்பு வேண்டும், அல்லது சைலன்சருக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு கோளாறு வேண்டும். அடைப்புக்கு முன்னால் ஓட்டை விழுந்தால் அழுத்தம் குறையத்தான் செய்யும், ஏறாது. அதனால் ரெண்டும் தனித்தனி என்று வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ஒன்று இன்னொன்றைக் கொண்டுவந்ததா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

இதற்குப் பதில் எழுதுங்கள்: எது முதலில் வந்தது, சத்தமா மந்தமா? சத்தம் காலையில் குளிர்ந்த இன்ஜினில் அதிகமா, சூடான பிறகா? நியூட்ரலில் வைத்து மிதித்தால் ஆர்பிஎம் தாராளமாக ஏறுகிறதா, அங்கேயும் திணறுகிறதா? டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரிகிறதா, அணைந்து அணைந்து மின்னுகிறதா?

ஜனவரி 9, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அடியில் ஓட்டை இருக்கிறது என்றால் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வரலாம். அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கதவு மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விட்டுச் சோதிக்காதீர்கள். ஓட்டும்போது தலைவலி, குமட்டல் வந்தால் அந்த வண்டியை நிறுத்திவிடுங்கள். டிக்கியைப் பாதி திறந்துகொண்டு சாமான் ஏற்றிப் போவதும் கூடாது, பின்னால் சுழலும் காற்று புகையை உள்ளே இழுத்துவிடும்.

ஜனவரி 10

பதில் வருவதற்குள் இன்ஜினுக்கு வெளியே இருக்கிற காரணங்களைத் தள்ளிவிடலாம். இதைச் செய்யாமல் போனட்டைத் திறக்கிறவர்கள்தான் அதிகம்.

கிளட்ச்: உயர்ந்த கியரில், சமதரையில், குறைந்த வேகத்தில் சட்டென்று மிதியுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது, சைலன்சரைத் தொடவே வேண்டாம். முள்ளும் வேகமும் சேர்ந்தே மெதுவாக ஏறினால் கிளட்ச் மேல் குற்றமில்லை.

பிரேக்: கொஞ்ச தூரம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு இறங்கி நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம், அனல் தெரியும். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினால் உறுதியாகிவிடும்.

ஆக்ஸிலேட்டர்: நண்பர் ஒருவரின் கார் திடீரென்று டாப் ஸ்பீடு போகவில்லை என்று சென்சார் சென்சாராக மாற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பார்த்தால் பெடலுக்கு அடியில் மிதியடி மடிந்து கிடந்தது, பெடல் முக்கால்வாசிக்கு மேல் இறங்கவே இல்லை. சிரிக்காதீர்கள், உங்களுடையதைப் போய்ப் பாருங்கள். கேபிள் வைத்த பழைய வண்டியாக இருந்தால் ஒருவர் உள்ளே முழுக்க மிதிக்க, இன்னொருவர் இன்ஜின் அணைந்த நிலையில் இன்ஜினுக்குள் காற்றை விடுகிற கதவான திராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று பார்க்கணும்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அது மட்டும் உங்கள் நண்பர் சொன்னதில் இலவசம்.

ஜனவரி 11

பதில் வந்துவிட்டது. சத்தம்தான் முதலில், பல மாதமாக இருக்கிறதாம். காலையில் "டிக் டிக்" என்று வேகமாக, சூடானதும் அடங்கிவிடும். மந்தம் சமீபத்தில், படிப்படியாக வந்திருக்கிறது. ஆக்ஸிலேட்டரை விடும்போது "பட் பட்" என்று வெடிக்கிறது. நியூட்ரலில் முள் ஏறுகிறது, ஆனால் 4000 பக்கம் போனால் பிடித்து இழுத்த மாதிரி இருக்கிறது. விளக்கு எரிகிறது, சில சமயம் மேட்டில் மின்னியதும் உண்டு.

கிளட்ச், பிரேக், மிதியடி மூன்றும் சரியாம். நல்லது.

குளிரில் டிக் டிக், சூட்டில் அமைதி என்றால் முதல் சந்தேகம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, எல்லா சிலிண்டரின் புகையையும் சேர்த்துக் குழாய்க்கு அனுப்புகிற பாகம். இன்ஜின் தலையோடு அது சேரும் இடத்தில் இடைவெளியை அடைக்கிற கேஸ்கெட் ஊதிப் போயிருக்கலாம், அதை இறுக்கிப் பிடிக்கிற ஸ்டட் (திருகுக் கம்பி) உடைந்திருக்கலாம், மேனிஃபோல்டிலேயே கீறல் விட்டிருக்கலாம். இரும்பு சூடாகி விரியும்போது இடைவெளி மூடிக்கொள்கிறது, சத்தம் நிற்கிறது. சரியாகிவிட்டது என்று நாமும் மறந்துவிடுகிறோம். டார்ச் அடித்து கேஸ்கெட் ஓரத்தைப் பாருங்கள். கசிகிற இடத்தில் கரிக்கோடு விழுந்திருக்கும்.

இந்தச் சத்தத்தை வால்வைத் தள்ளுகிற டேப்பட்டின் சத்தத்தோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு, குழப்புவதற்குக் காரணமும் உண்டு. கிராங்க், அதாவது இன்ஜினின் முக்கியத் தண்டு, இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சிலிண்டர் ஒருமுறைதான் புகையைத் தள்ளும், அதன் வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் திறக்கும். 800 ஆர்பிஎம்மில் ரெண்டுமே நிமிடத்துக்கு 400 தட்டு, தாளம் ஒன்றே. பிரிக்கிற வழி: கசிவுச் சத்தம் பாரம் ஏறினால் கூடும், டேப்பட் பாரத்தைப் பற்றிக் கவலைப்படாது. இன்னொரு வழி, ஐடிலிங்கில் (மிதிக்காமல் இன்ஜின் தானாக ஓடும்போது) பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர்களின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவது. அந்த சிலிண்டரில் எரிப்பு நின்றதும் டிக் நின்றால் கசிவு அங்கேதான். கழற்ற வேண்டியது இன்ஜெக்டர் கனெக்டரை, பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தருகிற காயிலின் கனெக்டரை அல்ல. காயிலைக் கழற்றினால் எரியாத பெட்ரோல் அப்படியே கன்வர்ட்டருக்குப் போகும், இருக்கிற தொல்லை போதாதென்று.

ஜனவரி 11, பிற்பகல்

மற்ற சத்தங்களைப் பற்றிக் கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடித்தொண்டையில் "பூம்" என்று முழங்கினால் பின்பக்க சைலன்சர் பெட்டியோ அதன் குழாயோ ஓட்டை. கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போலக் கிலுகிலுத்தால் ஒன்று கன்வர்ட்டருக்குள் பீங்கான் உடைந்திருக்கிறது, அல்லது வெப்பம் தடுக்கிற வெளித் தகடு தளர்ந்திருக்கிறது. கன்வர்ட்டர் ஆறியதும் ரப்பர் சுத்தியலால் தட்டினால் எது என்று தெரிந்துவிடும். தகடாக இருந்தால் ஒரு பெரிய ஹோஸ் கிளிப்பைச் சுற்றி இறுக்கினால் முடிந்தது. மிதிக்கும்போது மட்டும் "புஸ்ஸ்" என்று சீறல் வந்து இழுவையும் இல்லையென்றால் அது அடைப்பின் குரலாக இருக்கலாம். கியர் மாற்றும்போது "டங்" என்று இடித்தால் சைலன்சரின் தொங்கு ரப்பரோ இன்ஜினைத் தாங்குகிற மவுண்ட்டோ போயிருக்கிறது.

மவுண்ட்டைச் சும்மா சொல்லவில்லை. அது தளர்ந்தால் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் இன்ஜின் முன்னும் பின்னும் ஆடும், சைலன்சர் வண்டியோடு கட்டப்பட்டிருக்கிறது, நடுவில் இருக்கிற வளையும் குழாய்தான் அடி வாங்கும். வளையும் குழாய் அடிக்கடி கிழிகிறது என்கிறவர்கள் குழாயை விட்டுவிட்டு மவுண்ட்டைப் பாருங்கள்.

ஜனவரி 12

ஒருவர் எழுதுகிறார்: "இன்ஜினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் தேவை, ஓட்டை விழுந்ததால் அது போய்விட்டது, அதனால்தான் இழுக்கவில்லை." இதை எத்தனை இடத்தில்தான் கேட்பது. பின்னழுத்தத்தால், அதாவது புகை வெளியேறும் வழியில் உள்ள தடையால், எந்த இன்ஜினுக்கும் நன்மை கிடையாது. புகை துடிப்புத் துடிப்பாக வெளியேறுகிறது, ஒரு துடிப்பு போகும்போது பின்னால் அழுத்தம் குறைந்த அலை ஒன்று உண்டாகிறது, அது சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்ச உதவுகிறது. அதற்கு ஏற்ற அகலத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். அகலமான குழாய் மாட்டினால் கீழ் ஆர்பிஎம்மில் வாயுவின் வேகம் குறைந்து இந்த உறிஞ்சல் கெடும். அதைப் பார்த்தவர்கள் "பின்னழுத்தம் குறைந்துவிட்டது" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பின்பக்கப் பெட்டியில் விழுந்த ஓட்டையால் மேடு ஏறாமல் போகிற அளவுக்குச் சக்தி குறையவே குறையாது. சத்தம் பெரிதாக இருப்பதால் வேகமாகப் போவதாகத் தோன்றுவதுதான் வழக்கம், இங்கே தலைகீழ்.

ஆனால் முன் ஆக்ஸிஜன் சென்சாருக்கு (புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) முன்னால் விழுந்த ஓட்டை வேறு கதை. அதே துடிப்பு அலைதான் காரணம். அழுத்தம் குறையும் நொடியில் கீறல் வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. முன் ஆக்ஸிஜன் சென்சாருக்குத் தெரிவது அந்தக் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன். பெட்ரோல் போதவில்லை என்று அது சொல்ல, கம்ப்யூட்டர் நம்பி பெட்ரோலைக் கூட்டுகிறது. உண்மையில் கலவை ஏற்கெனவே சரியாக, 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று இருந்தது. இப்போது கொழுத்துவிட்டது. மைலேஜ் குறையும், பிளக் கரி பிடிக்கும், எரியாத மிச்சம் கன்வர்ட்டருக்குப் போய் எரியும். ஆக்ஸிலேட்டரை விடும்போது கேட்கிற பட் பட்டும் இந்த வகைதான், எரியாத மிச்சமும் கீறல் வழிக் காற்றும் குழாய்க்குள்ளேயே சந்தித்துக்கொள்கின்றன.

ஜனவரி 12, இரவு

மேலே எழுதியதை மறுபடி படித்தேன். படிக்கிறவர்கள் "கசிவு கன்வர்ட்டரைக் கொன்றது" என்று முடிவு கட்டிவிடுவார்கள் போலிருக்கிறது, அவ்வளவு நேர்கோடு இல்லை. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுவதற்கு ஒரு எல்லை உண்டு. முழுக்க மிதித்த நிலையில் பெரும்பாலான பழைய கார்கள் அந்த சென்சாரைக் கேட்பதே இல்லை. கசிவு மட்டும் இருந்தால் கன்வர்ட்டர் பல வருடம் தாக்குப்பிடிக்கலாம். அதை உருக்குவது மிஸ்ஃபயர். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அந்தப் பெட்ரோலும் காற்றும் முழுதாகக் கன்வர்ட்டரில் போய் எரிகிறது. சாதாரணமாக சில நூறு டிகிரி செல்சியஸில் வேலை செய்கிற பொருள் 1000 டிகிரியை வெகுவாகத் தாண்டினால், உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கிற பீங்கான் உருகி ஒட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இன்ஜின் விளக்கு மேட்டில் மின்னியது என்றீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது. மின்னும் விளக்குக்கு அர்த்தமே "கன்வர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது, காலை எடு" என்பதுதான்.

ஸ்கேனர் கிடைத்தால் கோடு, அதாவது கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுக் குறியீடு, எடுங்கள். அமெரிக்காவில் 1996 முதலும் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் ஸ்கேனர் மாட்டுவதற்கான பொது ஓபிடி இணைப்பு கட்டாயம், உங்கள் வயதுக் காரில் இருக்க வாய்ப்பு அதிகம். கோடை அழித்துவிடாதீர்கள், எழுதிவையுங்கள்.

ஜனவரி 14

கோடுகள்: பி0302, பி0420. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், கன்வர்ட்டர் திறன் குறைவு. பார்த்த உடனே "அப்போ ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி" என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். பி0420 என்பது கன்வர்ட்டர் வாயுவைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்கிறது, அடைத்திருக்கிறது என்று சொல்லவில்லை. சுத்தம் செய்யாமல் தாராளமாக வழிவிடுகிற கன்வர்ட்டர் ஏராளம், அவை இழுவையைக் கெடுப்பதில்லை. அதோடு சென்சார்களுக்குப் பக்கத்தில் கசிவு இருந்தாலும் இந்தக் கோடு பொய்யாக வரும். கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கிற சென்சாரை மாற்றினால் பி0420 போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பெரும்பாலும் அது சேதி கொண்டுவந்தவன் மட்டும்தான்.

ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்கிற கணக்கு) தெரிந்தால் ஐடிலிங்கிலும் 2500 ஆர்பிஎம்மிலும் பாருங்கள். பூஜ்யத்தைச் சுற்றி 10 சதவீதத்துக்குள் இருந்தால் பரவாயில்லை. ஐடிலிங்கில் மட்டும் அதிகமாகக் கூட்டி, ஆர்பிஎம் ஏறியதும் சரியானால் இன்டேக் பக்கம், அதாவது காற்று இன்ஜினுக்குள் போகிற வழியில், எங்கேயோ காற்று கசிகிறது. ஆர்பிஎம்மும் பாரமும் ஏற ஏற டிரிம்மும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை: ஃபில்டர், பம்ப், அல்லது அழுக்கேறிய காற்றளவு சென்சார். இவையும் உங்கள் அறிகுறிக்குப் பொருந்துகிற காரணங்கள்தான். மேட்டில் இழுக்காத வண்டிக்கு பெட்ரோல் பம்ப் பலவீனம் மிகச் சாதாரணமான காரணம், கன்வர்ட்டர் ஜுரத்தில் அதை மறந்துவிடுகிறோம்.

ஜனவரி 15

இன்றைக்குக் கொஞ்சம் நீளம், ஏனென்றால் எனக்குப் பிடித்த சோதனை இது. வேக்குவம் கேஜ், இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற வலுவை அளப்பது. ஒரு டயல், ஒரு ரப்பர் குழாய், அவ்வளவுதான் கருவி. என்னிடம் இருப்பது கண்ணாடி கீறிப் போன பழைய கேஜ், ஸ்கேனரைவிட அதிகம் உழைத்திருக்கிறது.

இன்டேக் மேனிஃபோல்டில், திராட்டிலுக்குப் பின்னால் இருக்கிற ஏதாவதொரு வேக்குவம் குழாயில் மாட்டுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும். ஐடிலிங்கில் முள் 17 முதல் 21 அங்குலப் பாதரசத்துக்குள் ஆடாமல் நிற்கணும். கடல் மட்டத்துக்குரிய கணக்கு இது. 1000 அடி உயரத்துக்கு ஏறக்குறைய 1 அங்குலம் குறையும், மலையில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். முள் அசையாமல் ஆனால் தாழ்வாக, 10, 12 என்று நின்றால் வால்வுகளை நேரத்துக்கு இயக்குகிற டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம், அதுவும் வண்டியை மந்தமாக்கும். ஒரே தாளத்தில் துடித்துத் துடித்து விழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை.

இப்போது மெதுவாக 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றி அங்கேயே பிடியுங்கள். நல்ல வண்டியில் முள் ஐடிலிங் அளவுக்கே, அல்லது ஒரு புள்ளி மேலே போய் நிற்கும். அடைப்பு இருந்தால் முதலில் சரியாகக் காட்டிவிட்டு, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கும். புகை வெளியே போக முடியாமல் பின்னால் தேங்குகிறது, சிலிண்டருக்குள் புதுக் காற்றுக்கு இடமில்லை. ஒரு நிமிடமாவது பிடிக்கணும், சின்ன அடைப்பு உடனே தெரியாது. கடைசியில் சட்டென்று காலை எடுங்கள். முள் 24, 25 வரை துள்ளி உடனே பழைய இடத்துக்கு வரணும். துள்ளல் சோம்பலாக இருந்து திரும்பவும் தயங்கினால் அடைப்புக்கு இன்னொரு சாட்சி.

ஜனவரி 15, பிற்பகல்

டீசல் கார் வைத்திருப்பவர் ஒருவர் கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு முள் ஏறவே இல்லை என்று பதறுகிறார். ஐயா, பழைய டீசலில் பெட்ரோல் வண்டி மாதிரி காற்றை அடைக்கிற திராட்டில் கிடையாது, இன்டேக்கில் வேக்குவம் உண்டாகாது. உங்கள் இன்ஜின் நலமாக இருக்கிறது, கேஜும் நலமாக இருக்கிறது. டீசல் மந்தத்துக்கு டர்போ குழாய்க் கசிவு, புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடுகிற ஈஜிஆர் வால்வு, புகை வடிகட்டி அடைப்பு என்று வேறு வரிசை. தனி இழை ஆரம்பியுங்கள்.

ஜனவரி 17

முடிவு வந்தது: ஐடிலிங்கில் 18, அசையவில்லை. 2500-இல் முதலில் 18, அப்புறம் இறங்கி இறங்கி 11. டிரிம் ஐடிலிங்கிலும் மேலேயும் கிட்டத்தட்ட ஒரே அளவில் 12 சதவீதம் கூட்டல்.

அடைப்பு இருக்கிறது. ஆனால் எங்கே? கேஜ் அதைச் சொல்லாது. கன்வர்ட்டருக்கு முன்னால் இரட்டைச் சுவர் குழாய் இருந்தால் உள்சுவர் மடிந்து வழியை அடைத்திருக்கலாம், வெளியே பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். நடுப்பெட்டி, பின்பெட்டி உள்ளே தடுப்பு விழுந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு காரில் உடைந்த கன்வர்ட்டரைப் புதிதாக மாற்றியும் இழுவை வரவில்லை, பழைய பீங்கான் துண்டுகள் பயணம் செய்து நடுப்பெட்டிக்குள் குவிந்திருந்தன.

வழி: இன்ஜின் ஆறிய பிறகு முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்தக் கேஜ் மாட்டுங்கள். நல்ல வண்டியில் ஐடிலிங்கில் 1.5 பிஎஸ்ஐக்குள்ளும் 2500-இல் 3-க்குள்ளும் இருக்கும். உங்களிடம் மேனிஃபோல்டில் கசிவும் இருப்பதால் கேஜ் கொஞ்சம் குறைத்தே காட்டும், அதை மனதில் வையுங்கள். அதிகம் காட்டினால், கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள இணைப்பைத் தளர்த்தி மறுபடி எடுங்கள். அழுத்தம் விழுந்துவிட்டால் அடைப்பு பின்னால். விழாமல் நின்றால் கன்வர்ட்டர், அல்லது சென்சாருக்கும் அதற்கும் நடுவில் உள்ள குழாய். நின்ற இடத்திலேயே செய்யுங்கள், சென்சார் இல்லாமல் சாலையில் ஓட்ட வேண்டாம், அந்த ஓட்டையிலிருந்து வருவது நெருப்புக்குச் சமமான வாயு, பக்கத்தில் வயர்கள் இருக்கும்.

ஜனவரி 18

நடுவில் ஒரு விலகல். பின்பெட்டியின் அடியில் ஊசித் துளை ஒன்றைப் பார்த்து "இதோ கசிவு" என்று படம் போட்டிருக்கிறார் இன்னொருவர். அது கம்பெனியே போட்ட துளை, வெல்டிங் வைத்து மூடிவிடாதீர்கள். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது, நம்புவது கஷ்டம், ஆனால் வேதியியல் கணக்கு அப்படித்தான். சூடான சைலன்சரில் அது ஆவியாகப் போய்விடும். பக்கத்துத் தெருவுக்கு மட்டும் போய் வருகிற வண்டியில் பின்பெட்டி சூடாவதே இல்லை, தண்ணீர் தேங்கி உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். அந்தத் துளை தண்ணீர் வடியத்தான்.

ஜனவரி 20

பின் இணைப்பைத் தளர்த்தியும் 2500-இல் அழுத்தம் 6 பிஎஸ்ஐக்குக் கீழே வரவில்லையாம். சென்சார் துளை வழியாகச் சின்னக் கேமரா விட்டுப் பார்த்ததில் கன்வர்ட்டரின் முன்முகம் பாதி உருகிப் பளபளக்கிறது. ஆக, கன்வர்ட்டர். ஒர்க்‌ஷாப்காரர் ரசிகர்கள் கொண்டாடிக்கொள்ளலாம். பின்பெட்டிகள் நன்றாக இருப்பதால் "முழு செட்" மட்டும் தேவையில்லை.

புதுசு மாட்டுவதற்கு முன்னால் இரண்டாவது சிலிண்டரை முடியுங்கள். இல்லையென்றால் புதுக் கன்வர்ட்டரும் அதே வழியில் போகும், இதற்காகத்தான் இவ்வளவு எழுதிக்கொண்டிருக்கிறேன். 2-ஆம் சிலிண்டர் காயிலை 3-க்கு மாற்றி மாட்டுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி. மாறவில்லை என்றால் பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள், அதிலும் மாறவில்லை என்றால் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் உண்டாகும் அழுத்தம், எடுங்கள். சிலிண்டர்களுக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

கழற்றின பிளக்குகளை சிலிண்டர் வரிசைப்படி வையுங்கள். இளம்பழுப்பு நல்லது, காய்ந்த கரி என்றால் கொழுத்த கலவை, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் மேலே வருகிறது. ஆயில் எரிகிற இன்ஜினில் இன்னொரு தொல்லை, ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் கன்வர்ட்டரின் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும்.

ஜனவரி 23

காயில்தான். இடம் மாற்றியதும் மிஸ்ஃபயர் 3-க்குப் போய்விட்டது. காயிலில் மெல்லிய விரிசல், பாரம் ஏறும்போது மட்டும் தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் வேறு வழியில் தாவியிருக்கிறது. மேட்டில் மட்டும் விளக்கு மின்னியது இதனால்தான்.

நண்பர் சொன்ன பிளக் மாற்றம் பாதி சரி என்று சேர்த்துக்கொள்ளலாம். கரி பிடித்து இடைவெளி அகன்ற பிளக் காயிலிடம் அதிக வோல்டேஜ் கேட்கும், அதில் காயில் சீக்கிரம் சாகும். காயிலோடு நாலு பிளக்கும் புதுசு போடுங்கள்.

மேனிஃபோல்டு வேலை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த வேலை என்றாலே பயம், காரணம் ஸ்டட். வருடக்கணக்கில் சூடாகி ஆறிய ஸ்டட் நட்டைவிட முதலில் உடையும், அதிலும் ஓரத்தில் இருப்பவை. முந்தின நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஊற விடுங்கள். திருப்பும்போது கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று போங்கள். முரண்டு பிடித்தால் நீளமான பைப் போட்டு மல்லுக்கட்டாமல் நட்டைச் சூடுகாட்டத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். கழற்றிய மேனிஃபோல்டின் முகத்தில் நேரான இரும்பு அளவுகோலை வைத்துப் பாருங்கள். வளைந்திருந்தால் எத்தனை புதுக் கேஸ்கெட் போட்டாலும் திரும்ப ஊதும், சமமாகத் தேய்க்கக் கொடுக்கணும். கேஸ்கெட்டோடு சாதாரண சிலிகான் பசை தடவாதீர்கள். அந்த வெப்பத்தில் நிற்காது, அதன் ஆவி ஆக்ஸிஜன் சென்சாரையும் கெடுக்கும்.

ஜனவரி 24

கன்வர்ட்டரை இடித்துக் காலி பண்ணிவிட்டு வெறும் டப்பாவை மாட்டலாமா என்று கேட்டவருக்குப் பதில்: கூடாது. பல நாடுகளில் சட்டவிரோதம், புகைச் சோதனையில் தேறாது, வெறும் டப்பாவுக்குள் வாயு சுழன்று நீங்கள் எதிர்பார்க்கிற சக்தியும் வராது. நாற்றம் நிச்சயம் வரும்.

பிப்ரவரி 2

வேலை முடிந்துவிட்டதாம். மேனிஃபோல்டில் ஓரத்து ஸ்டட் ஏற்கெனவே உடைந்து கிடந்தது, கசிவு அங்கே. கன்வர்ட்டர், காயில், பிளக், கேஸ்கெட், ஸ்டட் எல்லாம் புதுசு. 2500-இல் முள் 19-இல் ஆணி அடித்த மாதிரி நிற்கிறது, டிரிம் 3 சதவீதத்துக்கு வந்துவிட்டது, அந்த மேட்டை மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது.

"கசிவுதான் ஆரம்பமா, காயில்தான் ஆரம்பமா" என்ற சண்டை கீழே நடந்துகொண்டிருக்கிறது. காயில் பக்கம்தான் நான், உருகல் அந்த அளவுக்கு இருந்தால் மிஸ்ஃபயர் இல்லாமல் வராது. ஆனால் மாதக்கணக்கில் கொழுத்த கலவையில் ஓடி பிளக் கரி பிடித்து, அது காயிலைத் தின்றிருந்தால் கசிவுக்காரர்களும் ஜெயிக்கலாம். இனிமேல் நிரூபிக்க வழியில்லை, கழற்றின பிளக்குகளைக் குப்பையில் போட்டுவிட்டார்.

மிச்சம் இரண்டு வேலை. கொஞ்ச நாள் ஓடிச் சூடாகி ஆறிய பிறகு, இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த நிலையில் மேனிஃபோல்டு நட்டுகளின் இறுக்கத்தை ஒருமுறை சரிபாருங்கள், புதுக் கேஸ்கெட் அமுங்கி ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும். அப்புறம் கோடுகளை அழித்த கையோடு புகைச் சோதனைக்குக் கொண்டுபோகாதீர்கள். அழிக்கும்போது கம்ப்யூட்டரின் சுயபரிசோதனைகளும் சேர்ந்து அழிந்துபோகும், கன்வர்ட்டர் பரிசோதனை முடியக் குளிர்ந்த ஸ்டார்ட், சீரான வேகத்தில் நீண்ட ஓட்டம் எல்லாம் வேண்டும். ஸ்கேனரில் "தயார்" என்று காட்டிய பிறகு போங்கள்.